இன்ஜின் புதுசு, புரொப்பெல்லர் பழசு: 2400 ஆர்பிஎம்மைத் தேடிய கதை

படகு 38 அடி, ஆட்களையும் சாமானையும் ஏற்றிப் போகும் கனமான வேலைப் படகு. பல வருடம் உழைத்த பழைய டீசல் இன்ஜின் 1800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1800 சுற்றில்) 85 ஹெச்பி தரக்கூடியது. அதை இறக்கிவிட்டு, 2400 ஆர்பிஎம்மில் 120 ஹெச்பி தரும் புது டர்போ இன்ஜினை வைத்தோம். கியர்பாக்ஸ் 2:1, அதாவது இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு சுற்று; அதுவும் நல்ல நிலையில் இருந்தது. புரொப்பெல்லரும் பளபளவென்று இருந்தது. பாஸில் (பிளேடுகள் சேரும் நடுக்குமிழில்) 26×19 என்று குத்தியிருந்தது, அதாவது விட்டம் 26 அங்குலம், பிட்ச் (வழுக்காமல் போனால் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) 19 அங்குலம். இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டோம். நன்றாக இருப்பதை எதற்கு மாற்ற வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன், இன்ஜின் பொருத்தியவரும் நினைத்தார்.

முதல் ஓட்டத்தில் லீவரை முழுசாகத் தள்ளினால் டேஷ்போர்டு மீட்டர் 2150 காட்டியது. "புது இன்ஜின்தானே, ஓட ஓட இறுக்கம் விட்டு 2400 வந்துடும்" என்றார் பொருத்தியவர். நம்பினேன். இன்று யாராவது இந்த வார்த்தையைச் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்பேன். புது இன்ஜினில் இறுக்கம் கொஞ்சம் இருப்பது உண்மைதான். ஆனால் 250 ஆர்பிஎம்மை விழுங்கும் அளவுக்கு இருக்காது.

அப்புறம் மெல்ல மெல்ல அறிகுறிகள் வந்தன. படகின் பின்பலகையில், எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிக் கரி. வாரம் ஒருமுறை துடைத்தது போய் தினமும் துடைக்க வேண்டியதாயிற்று. சுமையோடு எதிர்க்காற்றில் போகும்போது கறுப்புப் புகை. ஆயில் மாற்றிய இரண்டாம் நாளே டிப்ஸ்டிக்கில் மை போல இருந்தது.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன், அர்த்தம்தான் புரியவில்லை. லீவரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளும்வரை இன்ஜின் ஏறும். அதற்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் சத்தமும் மாறாது, முள்ளும் நகராது. மீதி மூன்றில் ஒரு பங்கு லீவர் சும்மா காற்றில் ஆடுவது போல இருக்கும். நோய் இன்னதென்று தெளிவாகச் சொன்ன முதல் அறிகுறி அதுதான். கேபிளில் ஏதோ தளர்வு என்று விட்டுவிட்டேன்.

கூப்பிட்ட மெக்கானிக்குகள் எல்லோரும் டீசல் பக்கமே பார்த்தார்கள். ஃபில்டர் மாற்றினோம், இஞ்செக்டர் கழற்றிச் சோதித்தோம், டேங்கிலிருந்து வரும் குழாயைச் சுத்தம் செய்தோம். எதுவும் மாறவில்லை. கடைசியில் ஒருவர் பம்பின் ஃப்யூல் ஸ்க்ரூவில் இருந்த சீலை உடைத்து, அரைச் சுற்று திருப்பி டீசலைக் கூட்டினார். மீட்டர் 2150-இலிருந்து 2190 ஆனது. நாற்பது ஆர்பிஎம். அதற்குக் கொடுத்த விலை, கடலில் தூரத்திலிருந்தே தெரியும் அளவுக்குக் கறுப்புப் புகை. ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற இன்ஜினுக்கு இன்னும் சாப்பாடு திணித்திருக்கிறோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தயவுசெய்து அந்தச் சீலை யாரையும் தொட விடாதீர்கள். வாரண்டி போவது ஒரு பக்கம். இன்ஜினை மெதுவாக எரிப்பதற்கான வழி அது.

சுமார் 420 மணி நேரம் ஓடிய பிறகு மூன்றாவது சிலிண்டர் விட்டு விட்டு அடிக்க ஆரம்பித்தது. ஹெட்டை இறக்கினோம். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் நகத்தால் கிள்ளியது போல ஒரு துண்டு எரிந்து போயிருந்தது. மற்ற வால்வுகளும் நல்ல நிறத்தில் இல்லை. பிஸ்டன் தலையில் கனமான கரி. புது இன்ஜினின் உள்ளே அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

ஹெட் வேலை நடக்கும்போதே, ஷாஃப்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று புரொப்பெல்லரைக் கழற்றி, புரொப்பெல்லர் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் புரொப்பெல்லரைக் கையில் வாங்கும் முன்பே கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, முழு லோடுல, முழு த்ராட்டில்ல உங்க இன்ஜின் எத்தனை ஆர்பிஎம் போகுது?"

"2150 அண்ணே."

"எதுல பார்த்தீங்க?"

"டேஷ்போர்டுலதான்."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஹெட் ஏறியதும், பழைய புரொப்பெல்லரையே போட்டு ஒருநாள் ஓட்டிப் பார்க்கலாம், நான் வருகிறேன் என்றார். ஃப்யூல் ஸ்க்ரூவை மட்டும் முதலில் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். பம்ப் வேலை செய்யும் இடத்தில் கொடுத்து, அளவு பார்த்து, மறுபடி சீல் வைத்து வாங்கினோம்.

அன்று அவர் கொண்டுவந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஃபோட்டோ டேக்கோமீட்டர், சுற்று வேகத்தை ஒளியால் அளக்கும் கருவி. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லியைத் துணியால் துடைத்து, விரல் நகம் அளவு ஒளி திருப்பும் டேப் ஒட்டினார். முதலில் நியூட்ரலில் லீவரை முழுசாகத் தள்ளச் சொன்னார். டேக்கோ 2590 காட்டியது. "சரி, கேபிள் நல்லா இருக்கு, கவர்னரும் சரியா இருக்கு" என்றார். டீசலைக் கூட்டிக் குறைத்து இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்தான் கவர்னர். சுமையில்லாமல் ஓடும்போது டீசல் இன்ஜின் குறித்த வேகத்தைவிட 5 முதல் 10 சதவீதம் மேலே போய் கவர்னரில் நிற்பது வழக்கம். அது வந்துவிட்டால் லீவரும் இணைப்பும் முழுசாக வேலை செய்கின்றன என்று அர்த்தம். கேபிள் தளர்வு என்ற என் சந்தேகம் அந்த ஒரு நிமிடத்தில் தீர்ந்தது.

பிறகு டேங்க் நிறைய டீசல், வழக்கமான சுமை, ஆழமான தண்ணீர், நேர் ஓட்டம். லீவர் முழுசு. டேஷ்போர்டு அதே 2150. புல்லியைப் பார்த்து டேக்கோவைப் பிடித்தார். 1940.

இரண்டு முறை, மூன்று முறை பிடித்தோம். 1940தான். டேஷ்போர்டு மீட்டர் ஆல்டர்னேட்டரிலிருந்து சிக்னல் எடுக்கிறது. ஆல்டர்னேட்டர் புல்லியின் அளவுக்கு அதை யாரும் சரி செய்யவே இல்லை. 250 குறைவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் 460 குறைவு. இந்த வேலையில் இறங்கும் யாரும் முதலில் செய்ய வேண்டியது மீட்டரை நம்பாமல் புல்லியில் அளப்பதுதான். மற்ற எல்லாக் கணக்கும் அந்த எண்ணின் மேல் நிற்கிறது.

படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் இன்னும் இரண்டு காரியம் செய்தார். இன்ஜின் அறை மூடியைத் திறந்துவிட்டார், ஆர்பிஎம் ஏறவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார், ஏறவில்லை. காற்றுப் பற்றாக்குறை இருந்தாலும் கறுப்புப் புகை வரும் என்பதால் அதை முதலில் விலக்க வேண்டும் என்றார். டீசல் போதாமல் இன்ஜின் ஏறவில்லை என்றால் கறுப்புப் புகை பெரும்பாலும் வராது, ஏனென்றால் எரிக்க டீசலே குறைவு. ஏறவும் இல்லை, கறுப்பாகப் புகையும் விடுகிறது, காற்றும் நன்றாக வருகிறது என்றால் சுமை அதிகம். படகின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது, அப்போதுதான் தேய்த்திருந்தோம். மிச்சம் இருந்தது புரொப்பெல்லர் ஒன்றுதான்.

கரைக்கு வந்ததும் ஒரு அட்டையின் பின்பக்கத்தில் கணக்கு போட்டுக் காட்டினார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

பழைய இன்ஜின் 1800, கியர் 2:1, ஆகவே ஷாஃப்ட் 900 சுற்றியது. அந்த 900 சுற்றில் இந்தப் புரொப்பெல்லர் 85 ஹெச்பியைச் சரியாக எடுத்துக்கொண்டது. அதனால்தான் பழைய இன்ஜின் தன் 1800-ஐ ஒழுங்காகத் தொட்டது. புது இன்ஜின் 2400, அதே கியர், ஷாஃப்ட் 1200 சுற்ற வேண்டும். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 1200-ஐ 900-ஆல் வகுத்தால் 1.333. 1.333 × 1.333 × 1.333 என்றால் 2.37. 85 ஹெச்பியை 2.37-ஆல் பெருக்கினால் 201.

"இது 201 ஹெச்பி கேக்குது. உங்ககிட்ட இருக்கறது 120. எங்க இருந்து தருவீங்க?"

இன்ஜின் தன்னால் முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. அந்த இடம்தான் 1940. அங்கே ஷாஃப்ட் 970. புரொப்பெல்லர் கேட்பது சுமார் 106 ஹெச்பி. அந்த வேகத்தில் இன்ஜினால் தர முடிந்ததும் ஏறக்குறைய அவ்வளவே. லீவரின் கடைசி மூன்றில் ஒரு பங்கு ஏன் எதுவும் செய்யவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. லீவர் நேராக டீசலைத் திறப்பதில்லை. "இத்தனை ஆர்பிஎம் வேண்டும்" என்று கவர்னரிடம் சொல்கிறது, அவ்வளவுதான். கவர்னர் அந்த எண் வரும்வரை டீசலைக் கூட்டிக்கொண்டே போகும். 1940-லேயே டீசல் அதன் கடைசி எல்லையைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் நான் 2000 கேட்டாலும் 2400 கேட்டாலும் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை.

இதில் மோசமானது முழு வேகம் கூட இல்லை, நாம் தினமும் ஓட்டும் வேகம். நான் பெரும்பாலும் உண்மையான 1900-ஐ ஒட்டித்தான் (டேஷ்போர்டில் அது சுமார் 2100) ஓட்டினேன், மிதமாக ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு. பழைய புரொப்பெல்லர் அங்கே கேட்டது சுமார் 100 ஹெச்பி. 2400-க்குச் சரியாகப் பொருந்திய புரொப்பெல்லர் அதே 1900-இல் கேட்பது 60. அதாவது என் "மிதமான" ஓட்டம் ஏறக்குறைய முழு டீசலில் ஓடியது. சுற்று வேகம் குறைவாக இருக்கும்போது டர்போ தள்ளும் காற்றும் குறைவு. ஒவ்வொரு அடிக்கும் முழு டீசல், காற்று பாதி வயிறு. எரியாத டீசல் கரியாகப் பின்பலகையில் ஒட்டியது. வெப்பம் எக்ஸாஸ்ட் வால்வைத் தின்றது. சரக்கு லாரியை ஏற்றத்தில் டாப் கியரிலேயே இழுக்க வைத்து 420 மணி நேரம் ஓட்டியது போலத்தான் இது.

சரி, என்ன புரொப்பெல்லர் போடுவது?

முதலில் நான் கேட்டது, கியர்பாக்ஸை 3:1 ஆக மாற்றலாமா என்று. கணக்குப்படி அதுதான் நல்ல வழி. ஷாஃப்ட் 800-க்கு இறங்கும், பெரிய புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றும். கனமான, மெதுவாகப் போகும் படகுக்குப் பெரிய விட்டமும் குறைந்த சுற்றும்தான் நல்ல தள்ளுவிசை தரும். ஆனால் அதற்கு 30 அங்குல விட்டம் தேவைப்படும். எங்கள் படகில் 26 அங்குலப் புரொப்பெல்லரின் நுனிக்கும் அடிப்பலகைக்கும் நடுவே நாலு அங்குலம்தான் இருந்தது. 30 போட்டால் இரண்டு அங்குலம் மிஞ்சும். விட்டத்தில் 15 சதவீதமாவது இடைவெளி வேண்டும் என்பது பெரியவரின் கணக்கு. 10-க்குக் கீழே போனால் ஒவ்வொரு பிளேடும் கடக்கும்போது அடிப்பலகையில் சுத்தியல் அடிப்பது போல இருக்கும். ஆகவே கியர்பாக்ஸ் யோசனையைக் கைவிட்டோம்.

2:1 கியரிலேயே இருந்தால் விட்டத்தையும் பிட்சையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். விட்டம் கொஞ்சம் மாறினாலும் சுமை நிறைய மாறும். விட்டத்தில் ஒரு அங்குலம் என்பது சுமையைப் பொறுத்தவரை பிட்சில் இரண்டு, மூன்று அங்குலத்துக்குச் சமம். அதனால் விட்டத்தைக் கணக்கிலேயே முடிவு செய்துவிட்டு, பிட்சைக் கடலில் சரி செய்வதுதான் முறை. கணக்கு 24×16 என்று வந்தது, மூன்று பிளேடு.

பழைய புரொப்பெல்லரைப் பிட்ச் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது. பாஸில் 19 என்று குத்தியிருக்கிறது. ஒரு பிளேடு 19, ஒன்று 19.5, இன்னொன்று 20. எப்போதோ எதிலோ இடித்து, யாரோ தட்டிச் சரி செய்திருக்கிறார்கள். பாஸில் இருக்கும் எண் அது பட்டறையை விட்டு வந்த அன்றைய எண். இன்றைய எண் அளந்தால்தான் தெரியும். பிளேடு விளிம்பில் கப் (லேசான வளைவு) கொடுத்திருந்தாலும் அந்த எண் அதைச் சொல்லாது. லேசான கப் கூடப் பிட்சில் ஓர் அங்குலம் கூட்டியது போல இன்ஜினை இழுக்கும்.

புது 24×16-ஐப் போட்டு, அதே சுமை, அதே ஆழத்தில், போய் வரும் இரு திசையிலும் ஓட்டினோம். 2310. வேகம் 8.1 நாட் (மணிக்கு 8.1 கடல் மைல்). எனக்கு அதுவே சொர்க்கம் போல இருந்தது. "இது போதுமே அண்ணே" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று அடிப்பக்கம் சுத்தம், கடல் அமைதி, காற்று குளிர்ச்சி. நாலு மாதத்தில் சிப்பி ஒட்டும், படகில் நாளுக்கு நாள் ஏதாவது சாமான் சேரும், வெயிலில் இன்ஜின் அறைக் காற்று சூடாகும், சூடான காற்றில் இன்ஜினின் சக்தி குறையும். நல்ல நாளிலேயே 90 குறைவாக இருந்தால் மோசமான நாளில் மறுபடி பழைய நிலைமைதான். நல்ல நாளில், முழுச் சுமையில், 2400-ஐத் தாண்டிக் கொஞ்சம் மேலே போக வேண்டும் என்றார். பிட்சில் ஒரு அங்குலம் குறைத்து 15 ஆக்கினார். மறுநாள் 2430. வேகம் 8.2 நாட். கறுப்புப் புகை இல்லை. லீவர் அதன் கடைசி மில்லிமீட்டர் வரை உயிரோடு இருந்தது; தள்ளத் தள்ள இன்ஜின் பதில் சொன்னது.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய 85 ஹெச்பி இன்ஜினில் எங்கள் வேகம் 7.5 நாட். 35 ஹெச்பி அதிகம் போட்டுக் கிடைத்தது முக்கால் நாட்டுக்கும் குறைவு. எங்கள் படகின் நீர்க்கோட்டு நீளம், அதாவது தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம், 34 அடி. அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் 7.8 நாட். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் இந்த மாதிரிப் படகு அந்த எல்லையை ஒட்டியதும் தன் அலையிலேயே ஏற வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் ஹெச்பி கொட்டினாலும் வேகம் பெரிதாக வராது. இன்ஜின் மாற்றும் முன் இந்தக் கணக்கை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் 120 ஹெச்பி வாங்கியிருக்கவே மாட்டேன்.

ஸ்லிப் என்பதைக் கேட்டும் பலர் பயப்படுகிறார்கள். பிட்ச் கணக்குப்படி போக வேண்டிய வேகத்தைவிட படகு எவ்வளவு குறைவாகப் போகிறது என்பதுதான் அது. 15 அங்குலப் பிட்ச், ஷாஃப்ட் ஏறக்குறைய 1200 சுற்று. பெருக்கி 1215-ஆல் (நிமிடத்துக்கு இத்தனை அங்குலம் என்பதை நாட்டாக மாற்றும் எண்) வகுத்தால் 14.8 நாட். படகு போவது 8.2. ஆக 45 சதவீத ஸ்லிப். கனமான படகில் இது சாதாரணம்தான். புரொப்பெல்லர் மரத்தில் ஸ்க்ரூ இறங்குவது போலத் தண்ணீரில் போவதில்லை. தண்ணீரைப் பின்னால் தள்ளித்தான் படகை முன்னால் தள்ளுகிறது. ஸ்லிப்பே இல்லையென்றால் தள்ளுவிசையும் இல்லை.

வேண்டுமென்றே கொஞ்சம் பெரிய புரொப்பெல்லர் போட்டு, குறைந்த சுற்றில் சத்தமில்லாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மெதுவான ஓட்டத்தில் டீசல் சற்று மிச்சமாகும் என்பதும் பொய்யில்லை. எக்ஸாஸ்ட் வெப்பமானி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து, முழு லீவர் என்றைக்குமே தள்ளாமல் ஓட்டக்கூடிய ஒருவர் தன் சொந்தப் படகில் அப்படிச் செய்துகொள்ளட்டும். பலர் கை மாறி ஓட்டும், சுமை மாறும், எதிர்க்காற்றில் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வேலைப் படகில் நான் அதைச் செய்ய மாட்டேன். எரிந்த வால்வைக் கையில் பிடித்துப் பார்த்தவன் நான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. புரொப்பெல்லர் ரொம்பச் சின்னதாக இருந்தால் லீவரை முழுசாகத் தள்ளும்போது இன்ஜின் தன் முழு சக்தியைத் தராமலே கவர்னர் எல்லையைத் தொட்டு நிற்கும். படகு மந்தமாகப் போகும். இன்ஜினுக்கு அதனால் ஆபத்து குறைவு, வாங்கிய சக்திதான் வீண். இழுவைப் படகுக்கும், வலை இழுக்கும் படகுக்கும் கணக்கு வேறு. அவை மெதுவாகப் போகும்போதே இன்ஜின் முழு வேகம் தொட வேண்டும் என்பதால் பிட்ச் குறைவாக இருக்கும். வெறும் படகாக ஓடும்போது கவர்னரில் நிற்பதை அங்கே குறை என்று சொல்ல முடியாது. இரட்டை இன்ஜின் படகில் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றை முழுசாகத் தள்ளினால் அந்த ஒன்று அதிகச் சுமையில் மாட்டும், அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது மாதம் ஒருமுறை, வழக்கமான சுமையில், அதே நேர் ஓட்டத்தில் லீவரை முழுசாகத் தள்ளி, முள் ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுத்திருந்து, புல்லியில் அளந்து நோட்டில் எழுதுகிறேன். முதல் மாதம் 2430, அப்புறம் 2420, 2400. ஐந்தாம் மாதம் 2340 வந்தது. புகையும் லேசாகத் தெரிந்தது. டீசல் ஃபில்டரைத் தொடவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. படகை ஏற்றிப் பார்த்தோம். அடிப்பக்கம் முழுக்கச் சிப்பி, புரொப்பெல்லர் பிளேடுகளின் முதுகில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு படலம். இரண்டையும் சுரண்டித் தேய்த்து இறக்கிய மறுநாள் அளந்தேன். 2425.